மூன்று விரல் காட்டிய நாள்

நான் தொழிலை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் சிரிக்கிறார்கள். பதினேழு வயதிலிருந்து ஒரே வேலையைப் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று இறங்கிவிட்டால் அதற்கு வேறு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

என் வேலை சாவு வீட்டில் கேட்பது. பாடுவது என் அண்ணன் ராஜவேலு. எங்கள் வியாசர்பாடிப் பக்கம் ஒருவர் இறந்தால், எடுக்கிற வரைக்கும் கானா பாடுவது வழக்கம். இறந்தவர் பேர், பெற்றவர்கள், பிள்ளைகள், அவர் பட்ட பாடு எல்லாம் அங்கேயே பாட்டாக வரும். முன்பின் பார்க்காத பாட்டுக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கூட்டத்துக்கு ஆச்சரியமாக இருக்கும். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருத்தி உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்கிறாள். அந்த ஒருத்தி நான்.

இப்போது சாவு வீட்டுக்காரர்கள் பாட்டுக்குச் சொல்ல வரும்போதே, ‘பாட்டுல கட்சி வராதுல்ல?’ என்று கேட்கிறார்களாம். புதிதாகப் பாட வந்திருக்கிற பையன்கள் என்னிடம் வந்து, ‘யக்கா, இதெல்லாம் உங்கண்ணனால வந்த பேஜாருதானே’ என்கிறார்கள். அவனால் வந்தது இல்லை. அதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எட்டாவதோடு படிப்பு நின்று, மூன்று வருஷம் டிபன் பாக்ஸ் கம்பெனியில் மூடி ஒட்டினேன். அதற்குப் பிறகு அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். காரணம் சாதாரணம். பிணத்தைச் சுற்றிப் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆம்பளை அங்கே போய்க் குனிந்து பேச முடியாது. சின்னப் பெண் போய் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதல் வருஷம் நிறையத் தப்பு செய்தேன். புளியந்தோப்பில் ஒரு வீட்டில் ஓடிப்போன மருமகள் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அண்ணனும் பாடிவிட்டான். டோலக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். தலைமாட்டில் உட்காரக் கூடாது, அது சொந்தக்காரர்கள் இடம். இரண்டாவது வரிசையில், அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிற அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசக் கூடாது. முதல் கேள்வி, ‘எதைப் பாடக் கூடாது?’ என்பதுதான். அதைக் கேட்டதும் அந்த அம்மா உன்னை நம்பிவிடுவார். குடி, சண்டை, இரண்டாவது சம்சாரம் எல்லாம் அந்தக் கேள்வியிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு பேர்கள், எந்தப் பேருக்குப் பின்னால் எந்தப் பேர் என்ற வரிசை, அவர் கடைசியாக என்ன சாப்பிட ஆசைப்பட்டார், எப்படி உயிர் போனது.

கேட்டு வந்து டோலக் அடிக்கிற பாபு பின்னால் நின்றுகொள்வேன். பாட்டு ஒரு சுற்று முடிந்து டோலக் மட்டும் ஓடுகிற நேரத்தில் அண்ணன் என் பக்கம் சாய்வான். காதில் சேதியைச் சொல்லி விரலைக் காட்டுவேன். ஒரு விரல் என்றால் ஒருவர் சொன்னது, அதை அவன் தொட மாட்டான். இரண்டு என்றால் ‘சொல்றாங்கோ’ என்று சேர்த்துப் பாடுவான். மூன்று என்றால் அப்படியே பாடுவான். அதிலும் ஒரு கண்டிஷன் உண்டு. மூன்று பேரும் கண்ணால் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

“பாத்த வாயா, கேட்ட வாயான்னு மொதல்ல பாரு தனம். கேட்ட வாயி நூறு வந்தாலும் அது ஒரு வாயிதான்” என்பான்.

அண்ணன் அப்படி ஒரு ஆள். சாவு வீட்டுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு, கைப் பட்டனையும் மாட்டிக்கொண்டுதான் வருவான். எத்தனை வெயிலாக இருந்தாலும் மடக்க மாட்டான். செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிடுவான். எடுக்கிற வரைக்கும் டீயைத் தவிர எதையும் தொட மாட்டான். யாராவது செத்தவரைப் பற்றித் தமாஷாக ஒரு வரி போடச் சொன்னால், “அவரு சிரிச்சா நான் பாடறேன்” என்பான். என்னை ஒருநாளும் திட்டியதில்லை. நான் தப்பாகச் சேதி கொண்டுவந்தால் பாட்டை நிறுத்தி, சொம்பு வாங்கித் தண்ணீர் குடிப்பான். அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் குடித்து முடிகிற வரை எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

இனி பாக்கியம்மா விஷயம்.

பாக்கியம்மா எண்ணூர்க் குப்பத்துக்காரர். காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பிளாக் வாசலில் கூடையை இறக்குவார். நெத்திலியைக் கூறு போட்டுவிட்டு, “உனக்கு அளந்து போட மாட்டேன், அள்ளித்தான் போடுவேன், எட்த்துக்கினு போ” என்பார். அவர் இறந்தபோது எங்கள் பிளாக் பெண்களே அண்ணனிடம் வந்து, நீதான் போய்ப் பாட வேண்டும் என்றார்கள். குப்பத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அவர் மகள் கௌரி சரி என்று சொல்லி அனுப்பினாள்.

நாங்கள் போனது மறுநாள் மதியம். சாயந்திரம் எடுப்பதாக இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து கொட்டகைத் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. கௌரி தாய் காலடியில் சுருண்டு கிடந்தாள், கண் திறந்திருந்தது. யார் கூப்பிட்டும் அசையவில்லை. அவளைத் தாண்டித்தான் நான் இரண்டாவது வரிசைக்குப் போனேன்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். கடைசியாக, எப்படி உயிர் போனது என்று கேட்டபோது பக்கத்து வீட்டு அம்மா, “அந்த ஆட்டோக்காரரு சொல்றாரு கேளு” என்று வெளியே கையைக் காட்டினார்.

ஆட்டோ ஓட்டுகிற சம்பத் அண்ணன் படகு ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது ஆள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நெஞ்சு வலின்னு ஏத்தனாங்க. திருவொற்றியூர் தாண்டறதுக்குள்ள போலீஸ்காரரு கைய காட்டி ஓரங்கட்ட சொல்ட்டாரு. தலைவரு வர்றாராம், எதையோ தொறக்கறாராம். முன்னாடி கண்டெய்னரு, பின்னாடி கண்டெய்னரு. நவுர முடியல. கொடி கட்டுன வண்டி ஒண்ணு ஒண்ணா போது. நான் ஆரனு அடிச்சிக்கினே கீறேன். அப்பால திரும்பிப் பாக்கறேன், ஆயாக்கு கழுத்து சாஞ்சு போச்சு.”

உள்ளே வந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம், “அப்டியாம்மா?” என்று கேட்டேன். “ஆமா கண்ணு, அந்த அநியாயத்த இன்னான்னு சொல்றது” என்றார். கூட மீன் விற்கிற இன்னொரு அம்மாவும், “தலைவரு வண்டிக்கோசரம் நிறுத்தி வெச்சு சாவடிச்சுட்டாங்கோ” என்றார்.

மூன்று வாய் ஆகிவிட்டது. அந்த இரண்டு அம்மாவும் ஆட்டோவில் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சம்பத் அண்ணன் சொல்லித்தான் அவர்களுக்கே தெரியும் என்பதும் தெரியும். ஆட்டோவில் போனவள் கௌரி. அவளை நான் கேட்கவில்லை. அவள் கிடந்த கோலத்தில் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தைச் சொன்னால், எனக்குக் கோபம். கைநிறைய நெத்திலி அள்ளிப் போட்டவர் ரோட்டோரத்தில் செத்தார் என்றதும், இது பாட்டில் வந்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

டோலக் மட்டும் ஓடியது. அண்ணன் சாய்ந்தான். காதில் சொன்னேன். அவன் முகம் மாறியது. என் கையைப் பார்த்தான்.

மூன்று விரலைக் காட்டினேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

கொடி கட்டுன காருக்குத்தான் ரோடு தொறந்துச்சு – அதுக்கு
ஓரங்கட்டுன ஆட்டோலதான் உசுரு பிரிஞ்சுச்சு
தலைவரே நீ போன வழி எந்த வழிங்கோ – எங்க
பாக்கியம்மா போன வழியும் அந்த வழிங்கோ

சாவு வீட்டில் கை தட்ட மாட்டார்கள். அன்றைக்குத் தட்டினார்கள். அண்ணன் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினான். அதற்குள் யாரோ போனில் எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அண்ணன் பாடியது இரண்டரை மணி நேரம். அதில் பாக்கியம்மாவின் அப்பா அம்மா பேர், கட்டிய புருஷன் கடலில் போனது, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தது எல்லாம் இருந்தது. ஊரெல்லாம் போனது அந்த நான்கு வரிதான். அதிலும் பாதிப் பேர் அனுப்பியதில் நாலாவது வரி இல்லை. பாக்கியம்மா பேரே அதில் இல்லாமல் போயிற்று.

முதல் இரண்டு நாள் அண்ணன் தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடையில், “மாமு, தலைவரயே நிக்க வெச்சு கேட்டுட்ட மாமு” என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எம்.கே.பி. நகரிலிருந்து தெரியாத பெண்கள் வந்து அவனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “எனக்கு எதுக்குப்பா போட்டோ, செத்தது அவங்க” என்று அவன் சொன்னதைக்கூட யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, அதற்கும் ஆயிரம் பேர் ஹார்ட் விட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆளுங்கட்சிக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் பேசினார்.

“தம்பி, குரலு நல்லாகீது. நம்ம மீட்டிங்குக்குக்கூட நீ வந்துகீற.”

“ஆமாங்க.”

“தலைவரு வண்டி போனது பத்தரைக்கு. அந்தம்மா வூட்டவிட்டு கெளம்புனதே பதினொண்ணுங்கறாங்க. யாரு சொல்லி பாடுன?”

“கேட்டுட்டுதாங்க பாடுனேன்.”

“யார கேட்ட?”

நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “செத்த வூட்ல கேட்டத வெளிய சொல்ல மாட்டங்க. அது எங்க தொழிலு” என்றான்.

“அப்ப தெரியாம பாடிட்டேன்னு ஒரு வீடியோ போட்டுடு. முடிஞ்சிரும்.”

“தெரிஞ்சுதாங்க பாடுனேன்.”

அவர் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “நல்ல புள்ள. யோசி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் டிவிக்காரர்கள் கௌரி வீட்டுக்குப் போனார்கள். அவள் மைக்கைப் பார்த்து, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னை வுட்டுடுங்க” என்றாள். அவ்வளவுதான். ஊர் அப்படியே திரும்பியது. தோளைப் பிடித்து உலுக்கிய அதே டீக்கடையில், “எவன்கிட்ட எவ்ளோ வாங்குன மாமு?” என்று கேட்டார்கள். போனைத் திறந்தால், பிணத்தை வைத்து அரசியல் செய்கிறவன் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் சாதியை இழுத்து எழுதினார்கள். ஆகா ஓகோ என்று எழுதியவர்கள் சத்தமில்லாமல் அதை அழித்தார்கள்.

டிவியைப் பார்த்த பிறகு அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டான். அங்கே யாரும் இல்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

“தனம். மூணும் பாத்த வாயிதானே?”

“ஆமாண்ணா” என்றேன்.

“சரி” என்று சொல்லி இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. என் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நேராக நின்றான். கடைசி வரை மன்னிப்பு வீடியோ போடவில்லை.

வேலை குறைந்தது. பழக்கப்பட்ட வீட்டுக்காரர்களே சொல்லி அனுப்பினார்கள். “வேலு, தப்பா நென்ச்சிக்காத. வூட்ல பெரிய பையனுக்கு கார்ப்பரேஷன்ல வேல நடந்துக்கினு கீது. இந்த நேரத்துல வாணாம்.” அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதற்கு நேர் மாறாகவும் ஒன்று நடந்தது. திருவொற்றியூரில் ஒரு பெரியவர், எண்பது வயதுக்கு மேல், தூக்கத்தில் போனவர். அவர் பேரன்கள் அண்ணனை ஓரமாக அழைத்தார்கள்.

“ண்ணா, தாத்தாவுக்கும் அந்த மாதிரி ஒண்ணு போடுண்ணா. தலைவர இழுத்து வுடு.”

“தாத்தா எப்டிப்பா செத்தாரு?”

“வயசாயி.”

“அதுக்கு தலைவரு இன்னா பண்ணுவாரு?”

“எதுனா சேத்து வுடுண்ணா. வைரல் ஆவும்ல.”

அண்ணன் அந்த வீட்டில் பேர் வரிசை மட்டும் பாடிவிட்டு வந்தான். வருகிற வழியில் பாபு விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. “இவங்களுக்கும் செத்தவங்க வாணாம், அவங்களுக்கும் செத்தவங்க வாணாம்” என்றான்.

அதற்குப் பிறகு ஹார்பர் பக்கம் கண்டெய்னருக்குச் சங்கிலி மாட்டுகிற வேலைக்குப் போனான். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு கிட்னி என்றார்கள். ஆறாவது நாள் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவன் தெளிவாக இருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “ண்ணா, அந்த எண்ணூர் விஷயம்…” என்றேன். “அத வுடு. மோரு கெடைக்குமான்னு நர்ஸ கேளு” என்றான். கேட்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். அவனுக்கு முப்பத்து நாலு வயது.

அவன் சாவுக்கு யாரும் பாடவில்லை. வந்த பாட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பையன்கள் ஸ்பீக்கர் கொண்டுவந்து அந்த நான்கு வரியை எடுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அண்ணன் குரல் அண்ணனுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் தொழிலை விட்டேன்.

அண்ணன் போன பிறகு ஊர் மறுபடியும் திரும்பியது. யாரைக் கேட்டாலும் அவன் சிங்கம். திட்டி எழுதியவர்களே போனில் தங்கள் படத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வைத்தார்கள். போன மாதம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் இறந்த ஒரு வருஷத்துக்கு நினைவுக் கூட்டம் போடுகிறார்களாம். பேனரில் அவன் படம்.

“நீ ஒண்ணும் பேச வாணாம்மா. மேடையில ஏறி அந்த நாலு வரி மட்டும் பாடு. தங்கச்சி பாடுனா ஜனம் அழுவும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் பாடியபோது அது நிஜம் என்று நம்பிப் பாடினான். நான் பாடினால் அப்படி இல்லை. அது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும் என்று அடுத்த நாள் காலையிலேயே எண்ணூருக்குப் பஸ் ஏறினேன்.

கௌரி ரோட்டோரத்தில் பலகை போட்டு மீன் விற்கிறாள். அம்மா செய்த தொழில்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். “உங்கண்ணன் தவறிட்டாருன்னு சொன்னாங்க. வர முடியல” என்றாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே பேசினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் காட்டியது வரைக்கும். பிறகு கேட்டேன்.

“அம்மா எப்டி போனாங்க? நீதான் கூட இருந்த.”

கத்தியை நிறுத்தினாள். நடுவில் ஒரு ஆள் வந்து விலை கேட்டான். “அப்பால வா நைனா” என்று அனுப்பினாள்.

“போலீஸ்காரரு நிறுத்துனது நெசம். கொடி வண்டி போனதும் நெசம். டைம்மு அவங்க சொல்றது பொய். ரொம்ப நேரம் நின்னோம்.”

“அப்ப…”

“இரு. எங்கம்மா அங்க சாவல. எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போதே என் மடியில போய்ட்டாங்க. ஒரு தபா என்னை பாத்தாங்க, அவ்ளோதான். எனக்கு தெரிஞ்சு போச்சு.”

“ஆட்டோக்காரருகிட்ட சொல்லலயா?”

“சொன்னா வண்டிய திருப்பிடுவாரு. ஆஸ்பத்திரில போயி டாக்டரு சொல்லட்டும்னு கீறேன். என் வாயால வரல. தலைய தோள்ல சாச்சு புட்ச்சிக்கினே போனேன். வண்டி நின்னப்ப கை மரத்துப் போச்சு, தலை சாஞ்சிருச்சு. அவரு அப்ப திரும்பிப் பாத்தாரு.”

அவள் மறுபடியும் செதில் சுரண்ட ஆரம்பித்தாள்.

“டிவில சொல்லிருக்கலாமே கௌரி.”

“இன்னான்னு சொல்ல? ஒருத்தரு தலைவரு மேல கோவமான்னு கேட்டாரு. இன்னொருத்தரு கட்சிக்காரங்க மெரட்டுனாங்களான்னு கேட்டாரு. எங்கம்மா எப்ப செத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கல.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நீயும் கேக்கல. என்னை தாண்டிக்கினு போன. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

கிளம்பும்போது, இதை வெளியே சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லிக்கோ. என்னால தூக்கிக்கினு இருக்க முடியல” என்றாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு கவரில் சங்கரா போட்டுக் கொடுத்தாள்.

எதிர்க்கட்சிக்காரர் வந்தபோது, பாட மாட்டேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“வண்டிய நிறுத்துனாங்களா இல்லியா?”

“நிறுத்துனாங்க.”

“அது போதும்மா எங்களுக்கு.”

“உசுரு அங்க போவல சார்.”

“அத யாரு கேக்கப் போறா? உங்கண்ணன் பாட்டயே நீ பொய்ன்னு சொல்லுவியா? அவன் பேரு இன்னா ஆவும்?”

நோயாளியை ஏற்றிய வண்டியை நிறுத்தி வைத்தது தப்பு, அதைத் தட்டிக்கேட்டதும் தப்பில்லை. முதல் வரியை இன்னும் நூறு மேடையில் பாடலாம். இரண்டாவது வரி அண்ணனுடையது இல்லை, என்னுடையது. அதை அவன் வாயில் வைத்து அனுப்பியவள் நான். கூட்டம் நான் இல்லாமலே நடந்தது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்களாம். ஆளுங்கட்சி என்னை வாங்கிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சம்பத் அண்ணனைத் தேடி ராயபுரம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். இப்போது அங்கேதான் வண்டி போடுகிறார், எண்ணூர் ரோட்டில் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அம்மா மேம்பாலத்திலேயே போய்விட்டார், நீங்கள் வண்டியை ஓரங்கட்டியதால் இல்லை, எந்த வழியில் ஓட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் துணியை மடித்து டேஷ்போர்டில் வைத்தார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அவ்ளோ தூரம் அந்த பொண்ணு தனியா வெச்சிக்கினு வந்துச்சா? நான் முன்னாடி உக்காந்துக்கினு, ‘தோ வந்துரும், தோ வந்துரும்’னு சொல்லிக்கினு வந்தனேம்மா.”

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, “உங்கண்ணன் பாட்டு கேட்டுட்டுதான் நான் தூங்குவேன். தலைவரு வண்டியாலதான், நம்ம ஒண்ணும் பண்ணலன்னு” என்றார். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிளம்பத் திரும்பினேன். கூப்பிட்டார்.

“இது உங்கண்ணனுக்கு தெரியுமா?”

“தெரியாதுண்ணா” என்றேன். “கேட்டான். நான்தான் சொல்லல.”

அண்ணன் கேட்டும் மறைத்தேன் என்பதைச் சத்தமாக ஒரு மனுஷரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து, பின் சீட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அண்ணன் போன அன்றைக்கு அழ வராத அழுகையை அழுதேன்.